ஆறு வருடமாக ஜாக் பென்னியோடு: பழைய அமெரிக்க ரேடியோ நகைச்சுவை கேட்ட அனுபவம்

நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் பழைய ரேடியோ நிகழ்ச்சியை முதல் தடவை பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன். ஒரே இரைச்சல், விழுந்தடித்து ஓடும் ஆங்கிலம், எதற்கென்றே தெரியாமல் ஒரு கூட்டம் சிரிக்கிறது. இதைப் போய் பொற்காலம் என்கிறார்களே என்று இருந்தது. ஆறு வருடம் ஆகிறது. இப்போது ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது இது பாடாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

'சிறந்த பத்து' என்று யாரோ பொறுக்கி வைத்ததில் ஆரம்பித்ததுதான் நான் செய்த தப்பு. பென்னியின் மிகப் பிரபலமான காட்சி 1948 மார்ச்சில் ஒலிபரப்பானது. வழிப்பறிக்காரன் "காசா, உயிரா?" என்று கேட்கிறான். சத்தமே இல்லை. மறுபடி அதட்டுகிறான். "யோசிச்சுக்கிட்டுதானே இருக்கேன்!" என்கிறார் பென்னி. தனியாகக் கேட்டால் சுமார் ரகம். ஆனால் இந்த ஆளின் கஞ்சத்தனத்தை வாராவாரம் கேட்டவர்கள் அந்த மௌனத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பதில் பிறகுதான் வருகிறது. வயது எந்த வருடமும் 39, வீட்டுக்கு அடியில் பணப்பெட்டகம், இருமி இருமிக் கிளம்பும் மேக்ஸ்வெல் கார் எல்லாமே அப்படித்தான். அந்த இருமல் குரல் நடிகர் மெல் பிளாங்க்கின் வாய்ச்சத்தம் என்று தெரிந்த நாளில் அந்த இடத்தை மட்டும் நாலு தடவை ஓட்டிக் கேட்டேன்.

அதனால் 1937இலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். பென்னியின் நிகழ்ச்சி தொடங்கியது 1932இல்தான், ஆனால் 1937இல்தான் ராச்செஸ்டராக எடி ஆண்டர்சன் வந்து சேர்கிறார். கரகரத்த குரலில் முதலாளியையே வாரிவிடும் வேலைக்காரர். ஆரம்ப வருடங்களில் அவருக்குக் கொடுத்த கறுப்பினக் கேலி ஜோக்குகள் இன்று காதில் உறுத்துகின்றன. சிலவற்றை நான் தாண்டிவிடுகிறேன். போருக்குப் பிறகு பென்னி அவற்றைக் குறைத்துக்கொண்டது கேட்கும்போதே தெரிகிறது. வெள்ளை நடிகர்கள் கறுப்பர்களாகப் பேசிய 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற இன்னொரு நிகழ்ச்சியை என்னால் தொடர முடியவில்லை.

'ஃபிப்பர் மெக்கீ அண்ட் மோலி' என்ற தம்பதி நகைச்சுவை வேறு மாதிரி. ஜிம், மேரியன் ஜோர்டன் நிஜத்திலும் கணவன் மனைவி. மெக்கீ வீட்டு அலமாரியைத் திறந்தால் உள்ளே திணித்த சாமான் எல்லாம் தடதடவென்று சரிந்து, கடைசியில் ஒரு சின்ன மணி கிணுங்கும். பார்க்க ஒன்றுமே இல்லாத ஊடகத்தில் ஒரு வீட்டையே கண்முன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தினமும் கேட்காதீர்கள். ஒரே மூச்சில் இருபது பகுதி கேட்டுவிட்டு எனக்குத் திகட்டிப்போனது. வாரம் ஒன்று என்று எழுதியதை வாரம் ஒன்றாகக் கேட்டபோதுதான் மறுபடி ருசித்தது. இன்னொரு ரேடியோ நகைச்சுவையாளர் ஃபிரெட் ஆலன் இவர்கள் எல்லாரையும்விடக் கூர்மை, ஆனால் பாதி ஜோக் அந்த வாரச் செய்தித்தாளோடு போய்விட்டது.

ஒலித்தரம்தான் பெரிய தலைவலி. அப்போது 16 அங்குலத் தட்டில் பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம் பதிவார்கள். அதனால் அரை மணி நிகழ்ச்சியில் நடுவே திடீரென்று இரைச்சல் மாறினால் உங்கள் ஹெட்ஃபோனைச் சந்தேகிக்க வேண்டாம், தட்டு மாறியிருக்கிறது. ராணுவ வானொலிக்காக எடுத்த பிரதிகளில் விளம்பரங்களை வெட்டியிருப்பார்கள். ஒரு தடவை ஆன்லைனில் மொத்தத் தொகுப்பாக ஒரு டிவிடி வாங்கினேன். பாதிக் கோப்புகள் மெதுவாக ஓடி, பென்னி தூக்க மாத்திரை போட்டவர் மாதிரிப் பேசினார். காசு திரும்பவில்லை. இப்போதெல்லாம் முதலில் ஒரு பகுதியை ஓட்டிப் பார்த்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டால் வேறு பிரதி தேடுகிறேன்.

விளம்பரம் வெட்டாத பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். 1934 முதல் 1942 வரை பென்னிக்கு ஜெல்லோ என்ற பழச்சுவை ஜெல்லி இனிப்புதான் விளம்பரதாரர். அறிவிப்பாளர் டான் வில்சன் அதை எப்படிக் கதைக்குள் நுழைப்பார் என்று காத்திருப்பதே ஒரு தமாஷ். நான் ஜெல்லோவை இதுவரை வாயில் வைத்ததில்லை. ஆனால் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, செர்ரி, ஆரஞ்சு, லெமன், லைம் என்று அதன் ஆறு சுவைகளையும் தூக்கத்தில் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன்.