வெளிநாட்டு காளை ஊசி: மூணு வருஷம் கழிச்சு என் ரிவியூ

சினை ஊசி போட்ட மறுநாளே அஞ்சு ஸ்டார் போடுறவங்கள பாத்தா சிரிப்புதான் வருது, கன்னு பொறந்து கெடேரியாகி அது கன்னு போட்டு பால் கறந்தாத்தானே காளை நல்லதா இல்லையான்னு தெரியும். எனக்கு இப்பதான் தெரிஞ்சுச்சு.

நாங்க இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பின்னாடி கொட்டில்ல மாடு. தாய் மாடு நல்லா கறக்கும், ஆனா மடி பின்னங்கால் முட்டிக்கும் கீழ தொங்கும், மழை நாள்ல சேத்துல இழுபடும், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது மடிநோய், காம்புல மருந்து டியூப் ஏத்துனா அத்தன நாள் பாலையும் கீழ ஊத்தணும். மூத்த கன்னுக்கும் அதே கதை. அப்பதான் அமெரிக்க காளை பேப்பரெல்லாம் (அந்த காளைக்கு பொறக்குற மாடு எப்படி இருக்கும்னு நம்பர் போட்டது) காட்டி ஊசி போடுற ஒருத்தர கூப்பிட்டேன்.

ஆளு சொன்ன நேரத்துக்கு வந்தாரு, கை சுத்தம், உறைஞ்ச விந்து இருக்குற ஸ்ட்ரோவ வெதுவெதுப்பான தண்ணில போட்டு மணி பாத்துதான் எடுத்தாரு, முதல் ஊசியிலயே சினை. ஆனா பேப்பர் வாசிக்க தெரியல! செல் ஸ்கோர் (பால்ல இருக்குற செல் கணக்கு, மடிநோய் வந்தா ஏறும்) 3.20 உள்ள காளைய காட்டி "அண்ணே இதுதான் நம்பர் அதிகம், மடிக்கு நல்லது"ன்னாரு. எனக்கு டவுட், மாட்டு டொக்டருக்கு கோல் எடுத்தேன். 3ஐ ஒட்டித்தான் நடு அளவு, அதுக்கு கீழ இருந்தாதான் நல்லதுன்னாரு. 2018ல இருந்து அதே பேப்பர்ல மடிநோய் எதிர்ப்புன்னு இன்னொரு நம்பரும் வருது, அது கூடணும். ஒண்ணு குறையணும் ஒண்ணு கூடணும்னா யாருக்குத்தான் குழம்பாது. கடைசில 2.75 காளைய எடுத்தேன், பால் நம்பர் கொஞ்சம் கம்மிதான், ஆனா பரவால்ல, பால் ஏற ஏற மடிநோயும் பரம்பரையிலயே சேந்து வருமாம்.

அந்த ஊசில பொறந்த கெடேரிக்கு மடி வயித்தோட ஒட்டுன மாதிரி மேல நிக்குது, அதுவே எனக்கு பாதி காசு. போன வாரம் டொக்டர் நாலு குழி தட்டுல ஒவ்வொரு காம்பா பீச்சி ஊதா மருந்து ஊத்தி சுத்துனாரு, மூணு குழி தண்ணி மாதிரி ஓடுச்சு, பின் இடது காம்பு மட்டும் லேசா கொழகொழன்னு ஆச்சு, அது மடிநோய்க்கு அறிகுறி. ஆக மந்திரமெல்லாம் இல்ல, செல் கணக்குல பரம்பரை 10, 15 வீதம்தானாம், மிச்சம் கொட்டில் தரையும் கறக்குற கையும். நோர்வேக்காரன் 1978லயே மடிநோய பாத்து காளை தெரிவு பண்ண ஆரம்பிச்சிட்டான், அங்க ஒவ்வொரு மாட்டோட நோயையும் எழுதி வைக்கிறாங்க, நம்ம பக்கம் ஊசி போட்ட தேதிய எழுதுறதே சுவத்துல கரித்துண்டாலதான்.

5க்கு 3.5. அடுத்த தடவையும் இவரத்தான் கூப்பிடுவேன், ஆனா நம்பர நானே சிவப்பு பேனையால வட்டம் போட்டு குடுத்துருவேன்.