விடுதி வரி: தளத்திடம் விடுவதா, நாமே கட்டுவதா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வீட்டை வார இறுதி வாடகைக்கு விடும் பலர் நம்புவது இது: “அதான் ஏர்பிஎன்பியே வரியைப் பிடிச்சுக்குதே, எனக்கென்ன வேலை?” பாதிதான் சரி. வீடுகளை வாடகைக்குப் பதிவு செய்ய உதவும் அந்த இணையதளம் 2017 மே முதல் பிடித்துக் கட்டி வருவது, விருந்தினர் தங்குவதற்கான விடுதி வரியில் மாநிலத்துக்குச் சேரும் 6% மட்டும். நகரத்துக்குச் சேருவது வேறு கணக்கு. பெரும்பாலான ஊர்களில் அதன் உச்சவரம்பு 7%. சில ஊர்களில் அதையும் தளமே பார்த்துக்கொள்ளும், பல ஊர்களில் வீட்டுக்காரர் தலையில்தான்.

ஒரு புக்கிங்கை எடுத்துக்கொள்வோம். மூன்று இரவு, இரவுக்கு 200 டாலர், சுத்தம் செய்ய 90. மொத்தம் 690. மாநிலத்துக்கு 41.40, நகரத்துக்கு 48.30. தளம் முதல் தொகையை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அந்த 48.30-ஐ விருந்தினரிடம் வாங்க நீங்கள்தான் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். ஊருக்குத் திரும்பிவிட்டவரிடம் போய்க் கேட்கவா முடியும்? இன்னொரு சறுக்கல், 600-க்கு மட்டும் வரி போடுவது. சுத்தக் கட்டணத்துக்கும் வரி உண்டு.

விருந்தினர் தளம் இல்லாமல் உங்களிடமே பதிவு செய்யும் நேரடி புக்கிங்கில் தளத்தின் கமிஷன் மிச்சம், வந்தவரே திரும்ப வருவார். ஆனால் அதே கணக்கில் வரும் 89.70 (41.40 + 48.30) முழுவதையும் நீங்களே வசூலித்து, மாநிலத்துக்கு ஒன்றும் நகரத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும். ஆள் வராத காலத்துக்குக்கூடப் பூஜ்யம் என்று எழுதி அனுப்பச் சொல்லும் நகரங்கள் உண்டு. வரிப்பணத்தை வாடகையோடு ஒரே கணக்கில் போட்டுவைத்தால் கை தானாகச் செலவழித்துவிடும். தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெடு தேதிகளை மறக்கிற ஆள் என்றால் நேரடி புக்கிங் பக்கமே போகாதீர்கள்.

என் கணிப்பில், ஒரே வீடு, விருந்தினர் எல்லாரும் தளம் வழியாகவே வருகிறார்கள் என்றால் தளமே போதும். நகர வரியை யார் கட்டுகிறார்கள் என்று மட்டும் நகராட்சியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதிப் பேர் பழைய வாடிக்கையாளர்கள் என்றால் நேரடி வழிக்கு மெனக்கெடலாம். இரண்டையும் கலந்து நடத்துவதில்தான் சிக்கல் அதிகம்: எந்த புக்கிங்குக்கு யார் வரி கட்டியது என்று வருடக் கடைசியில் பிரித்தெடுப்பதற்குள் கண் பூத்துவிடும்.

“வருஷத்துக்குப் பதினாலு நாள்தானே விடுறேன், வரி கிடையாதே” என்பார்கள். அந்தச் சலுகை மத்திய வருமான வரிக்கு. விடுதி வரி முதல் இரவிலிருந்தே ஓடும்.

நீண்ட நாள் தங்குபவர் விஷயத்தில் மட்டும் நேரடி வழிக்கு ஒரு மேல்கை. டெக்சாஸில் 30 நாளோ அதற்கு மேலோ தங்குவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவருக்கு முதல் நாளிலிருந்தே வரி இல்லை. எழுதித் தராமல் வாரவாரம் நீட்டித்துக்கொண்டே போனால் முதல் 30 நாளுக்கும் வரி உண்டு. நேரில் பேசி முடிப்பவரிடம் அந்த ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்குவது எளிது. இதே 30 நாளை மற்ற மாநிலங்களுக்கும் பொருத்திவிடாதீர்கள்: ஃபுளோரிடாவில் எல்லை ஆறு மாதம், ஹவாயில் 180 நாள்.