அங்கோர் ‘ஆய்வுப் பயணம்’ என்று 2,900 டாலர் கட்டி ஏமாந்தோம். பணம் கட்டுமுன் படியுங்கள்

திரும்பி வந்து நான்கு நாள்தான் ஆகிறது. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அது அவர்களுக்குத்தான் வசதி. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கம்போடியாவுக்குக் குழுவாக அழைத்துப் போகும் ஓர் ஏற்பாட்டாளர். சாதாரண டூர் இல்லையாம், ‘வரலாற்று, ஆன்மிக ஆய்வுப் பயணம்’. எட்டு நாள், தலைக்கு 1,450 டாலர். அம்மாவும் நானும் சேர்ந்து 2,900 டாலர், மொத்தமும் முன்கூட்டியே.

ஏன் கட்டினோம்? கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு இணையவழியில் ஓர் உரை வைத்தார்கள். பேராசிரியர் ஒருவர் அங்கோர் வாட் கிழக்குச் சுற்றில் இருக்கும் பாற்கடல் கடையும் சிற்பத்தை ஒரு மணி நேரம் விளக்கினார். 49 மீட்டர் நீளம். ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர், நடுவில் ஆமையின் மேல் திருமால். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டினார். "இதுக்கு முன்னாடி நாம அரை நாள் உட்காரப் போறோம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கட்டிடு, இது ஒண்ணு பாத்தா போதும்" என்றார். அன்று ராத்திரியே கட்டினேன்.

அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் இறங்கியதும்தான் பேராசிரியர் வரவில்லை என்று தெரிந்தது. உடம்பு சரியில்லையாம். அவருக்குப் பதில் ஒரு டூர் மேனேஜர். எந்தக் கோயில் எந்த அரசன் காலத்தது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அங்கோர் கோயில்களுக்குள் நுழைய எங்கள் படம் போட்டுத் தந்த பாஸை வாங்கிப் பார்த்தால் அது ஒரே ஒரு நாளுக்கானது. பயண நிரலில் போட்டிருந்தது மூன்று நாள். ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் பாஸ் 62. வித்தியாசம் 25 டாலர். தலைக்கு 1,450 வாங்கிவிட்டு அந்த 25-ஐ மிச்சம் பிடித்தார்கள்.

ஒரே நாளில் அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் என மூன்று கோயில்களும். அங்கோர் வாட்டில் மேற்கு வாசல் வழியாக நுழைந்து, குருக்ஷேத்திரப் போர்ச் சிற்பத்தைப் பத்து நிமிடம் பார்த்தோம். உச்சித் தளம் அன்று மூடியிருந்தது. பௌத்த நோன்பு நாட்களில் அதை மூடிவிடுவார்கள். பிறையை வைத்து மாதக்கணக்கில் முன்பே சொல்லிவிடக்கூடிய தேதி அது, யாரும் பார்க்கவில்லை. பாற்கடல் சிற்பம் நேர் எதிர்ப்பக்கம். முட்டிவலியோடு அம்மா மெதுவாகத்தான் நடந்தார். "பாற்கடல் எங்கப்பா?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

"நேரமில்லம்மா, போட்டோல பாத்துக்கலாம்."

அந்த வார்த்தையை நான் மன்னிக்கவே மாட்டேன்.

மறுநாள் போயிருக்க வேண்டியது பந்தேய் ஸ்ரேய் கோயில், ஆற்றுப் படுகையில் ஆயிரம் லிங்கம் செதுக்கிய க்பால் ஸ்பியன். இரண்டுக்கும் அதே அங்கோர் பாஸ்தான் வேண்டும், எங்களுடையதோ முந்தைய நாளே முடிந்துவிட்டது. பதிலுக்குப் பட்டுக் கடை, ரத்தினக் கடை. ஒரு கடையில் இரண்டரை மணி நேரம்! தலைநகர் நோம் பென் போகும் வழியில் காம்போங் தோம் என்ற ஊரில் சாப்பிட வண்டியை நிறுத்தினார்கள். நிரலில் இருந்த சம்போர் ப்ரெய் குக், ஏழாம் நூற்றாண்டு ஈசானபுரம், அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். கேட்டேன். "ரோடு சரியில்ல மேடம்" என்று வண்டியை எடுத்துவிட்டார்கள்.

வந்த பிறகு போன் செய்தால்: "அக்கவுண்ட்ஸ்ல கேட்டுச் சொல்றோம்." மறுநாள்: "நிரல் மாற்றத்துக்கு உட்பட்டதுன்னு போட்டிருக்கோமே மேடம்." மூன்றாம் நாள்: "உங்களுக்கு மட்டும்தான் குறை, மத்த 17 பேரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க." அந்த 17 பேரில் ஆறு பேர் எனக்கே போன் செய்து புலம்பியவர்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன், அடுத்த நிமிடம் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். 2,900 டாலரில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: அங்கோர் பாஸ் எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். கோ கெர் கோயில்களுக்கு 15 டாலர், குலேன் மலைக்கு 20 டாலர் தனி டிக்கெட், அதை யார் கட்டுவது என்று கேளுங்கள். உரையாற்றியவர் வராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று கேளுங்கள். கடைகளுக்குக் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், தயவுசெய்து.

அடுத்த குழுவுக்கு விளம்பரம் நேற்றே வந்துவிட்டது. அதே பேராசிரியர், அதே பாற்கடல் உரையின் காணொளி. உங்கள் வீட்டில் யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பதிவை இன்றைக்கே காட்டிவிடுங்கள்.