இட்லி மாவு: தானாகப் புளிக்க விடுவதா, ஈஸ்ட் போடுவதா?

சென்னையில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். மார்கழியில் அதே மாவு காலை வரை அசையாது. அப்போதுதான் "கொஞ்சம் ஈஸ்ட் போட்டால் என்ன?" என்று தோன்றும்.

தானாகப் புளிக்கும் மாவில் வேலை செய்வது பெரும்பாலும் உளுந்தோடு வரும் லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் பாக்டீரியா. அது கரியமில வாயுவையும் லாக்டிக் அமிலத்தையும் சேர்த்தே தருகிறது. உப்புதலும் புளிப்பும் ஒரே கையில். உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்கும்.

ஈஸ்ட் வேகமானது. ஆனால் வாயுவும் கொஞ்சம் ஆல்கஹாலும்தான் தரும், புளிப்பு அதன் வேலையில்லை. இட்லி உப்பும், வாசனை பன் மாதிரி இருக்கும். எனக்கு அது இட்லியே இல்லை.

பீர் ஆலையில் கதை வேறு. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் எமில் ஹான்சன் என்ற விஞ்ஞானி ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து, வேறு கிருமி கலக்காத தூய ஈஸ்ட் வளர்ப்பை உருவாக்கினார். ஈஸ்ட் சேர்க்கும் முன் பார்லிச் சாற்றைக் கொதிக்க வைப்பதால் மற்ற கிருமிகள் பெரும்பாலும் ஒழிந்துவிடும், ஈஸ்டுக்குப் போட்டி இருக்காது. நம் மாவை யார் கொதிக்க வைக்கிறார்கள்? ஈஸ்ட் போட்டாலும் பாக்டீரியா உள்ளேயே இருக்கும்.

குளிர்நாளில் நான் செய்வது இவ்வளவுதான்: வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, முந்தைய மாவில் ஒரு கரண்டி கலந்து, மூடி, அடுப்பங்கரை மூலையில் வைத்துவிடுவேன்.