கண்ணாடிக் கடையின் இலவச கம்ப்யூட்டர் டெஸ்ட்: பவருக்குச் சரி, திடீர் மங்கலுக்கு ஆகாது

நாற்பது தாண்டி பேப்பர் எழுத்து மங்குகிறது, பழைய கண்ணாடி போதவில்லை என்றால் கண்ணாடிக் கடையின் இலவச கம்ப்யூட்டர் டெஸ்டுக்குத் தாராளமாகப் போகலாம். நேற்றுவரை தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் அந்தப் படியேறக் கூடாது.

முதலில், அது நன்றாகச் செய்யும் வேலை. தாடையை வைத்து உள்ளே பார்த்தால் சாலைக் கோடியில் ஒரு பலூனோ வீடோ தெரியும். அந்தப் படம் நடுவில் மங்கினால் பதற வேண்டாம். கண்ணைத் தளரவைக்க மெஷினே அப்படி மங்கலாக்குகிறது. பிறகு அகச்சிவப்பு ஒளியை விழித்திரைக்கு அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பவரைக் கணக்கிடுகிறது. கையில் தரும் சீட்டில் பெரும்பாலும் ஒரு கண்ணுக்குப் பல அளவுகளும் கீழே ஒரு முடிவும் இருக்கும். அளவுகள் கால் பவருக்குள் ஒத்துப்போனால் நம்பலாம். அரை பவருக்கு மேல் முன்பின்னாக இருந்தால் தலை அசைந்திருக்கும், கண் வறண்டிருக்கும், அல்லது கண்புரை இருக்கும். நன்றாகக் கண் சிமிட்டிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு மெஷின் மைனஸைக் கூட்டிக் காட்டுவது சகஜம். கண்ணைத் தளரவைக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்க்காமல் அவர்களுக்குக் கண்ணாடி வாங்காதீர்கள்.

இந்தச் சீட்டு ஆரம்பம் மட்டுமே. ட்ரயல் ஃப்ரேமில் லென்ஸ் மாற்றி மாற்றி சார்ட் படிக்க வைத்த பிறகுதான் பவரை எழுத வேண்டும். சீட்டைப் பார்த்தே லென்ஸ் ஆர்டர் போடும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஒரு கடையை நாங்கள் எடைபோடுவது பின்ஹோலை வைத்து. ட்ரயல் பெட்டியில், நடுவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள கறுப்புத் தட்டு இருக்கும். மங்கலான கண்ணுக்கு முன் அதை வைத்ததும் சார்ட்டில் கூடுதல் வரி படிக்க முடிந்தால் கோளாறு அநேகமாகப் பவரில். முடியவில்லையென்றால் புரையோ விழித்திரையோ நரம்போ காரணமாக இருக்கலாம். எந்த லென்ஸும் அதைத் தீர்க்காது. “பவர் மாறவில்லை, கவலைப்படாதீங்க” என்று அனுப்பிவைக்கும் கடையை விட, பின்ஹோல் வைத்துப் பார்த்து “டாக்டரிடம் போங்க” என்று சொல்லும் கடை பல மடங்கு மேல்.

மெஷின் பவரை மட்டும்தான் அளக்கிறது. விழித்திரை ஓரத்தில் கிழிந்திருந்தாலும் சீட்டில் பழைய எண்ணே வரும். கண்ணில் மின்னல் போல வெளிச்சம் வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரென மொத்தமாக மிதப்பது, ஒரு பக்கமிருந்து திரை விழுவது போல இருப்பது மூன்றும் விழித்திரை பிரிவதன் அடையாளங்கள். அன்றைக்கே பார்க்க வேண்டும். வலியே இல்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதைப் பக்கவாதம் போலவே எண்ணி நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டாலும் போயே ஆக வேண்டும். கண் சிவந்து வலியும் வாந்தியுமாக, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், அதுவும் அவசரம்தான். கதவு நிலையும் டைல்ஸ் கோடும் வளைந்து தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியைச் சோதிக்க வேண்டும்.

ஒரு கண் மங்கினால் மறு கண் ஈடுகட்டிவிடுவதால் பலர் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிரே உள்ள காலண்டரைப் படித்துப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்து மாறி, பவரும் கூடவே மாறும். அந்த நேரத்தில் வாங்கும் கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பொருந்தாமல் போகும். சில வாரம் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு பவர் பாருங்கள். விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். பழைய கண்ணாடி, கடைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே போடும், கண் பாப்பாவை (கருவிழி நடுத்துளையை) விரிக்கும் சொட்டு மருந்து வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும். அதன் பிறகு சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. பைக்கில் போகாமல் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.