மோரிஸ் மைனர் முன்பக்க சஸ்பென்ஷன் தொகுப்பு: இரும்புக்கு முழு மதிப்பெண், ரப்பருக்கு இல்லை

அஞ்சல்வழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய இந்தத் தொகுப்பில் இரண்டு கிங்பின்கள் (முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் தண்டு), நான்கு ட்ரனியன்கள் (கிங்பின் முனைகளில் திருகப்படும் மூட்டுத் துண்டு), சக்கரத்தைக் காருடன் இணைக்கும் கீழ்க்கைக்கான ரப்பர் புஷ்கள் (மூட்டுகளில் செருகும் உறைகள்), ஸ்டியரிங்கைச் சக்கரத்துடன் இணைக்கும் டை ராடின் பந்து மூட்டு முனைகள், ஸ்டியரிங் ரேக்கின் (பற்சட்டத்தின்) இருபுற ரப்பர் உறைகள் ஆகியவை இருந்தன. கிங்பின்னுக்காகவும் ட்ரனியனுக்காகவும் இதைத் தயங்காமல் வாங்கலாம்; ரப்பர் பாகங்களை மட்டும் வேறிடத்தில் தேடிக்கொள்வது நல்லது.

1948 முதல் 1971 வரை தயாரான மோரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், அதற்கு, முறுக்கிய கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் சஸ்பென்ஷனையும், பல்சக்கரம் பற்சட்டத்தை நகர்த்தும் ரேக் அண்டு பினியன் ஸ்டியரிங்கையும் அளித்தார். இன்றும் அந்தக் கார் வளைவுகளில் சொன்ன பேச்சைக் கேட்பதற்கு இவைதான் காரணம். ஆனால் கிங்பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரைகள் வெட்டப்பட்டு, அவற்றின்மீது திருகப்பட்ட ட்ரனியன்களில்தான் சக்கரம் திரும்புகிறது. காரின் எடை கீழ் ட்ரனியனை ஓயாமல் கீழ்நோக்கி இழுப்பதால், கிரீஸ் இல்லாமல் தேய்ந்த மரை ஒருநாள் கழன்றுகொள்ளும். சக்கரம் மடிந்து காரின் மூலை சாலையில் அமர்ந்துவிடும். இந்தத் தொகுப்பை எடைபோடும்போது மரையின் தரத்தையே நான் முதலில் பார்த்தது அதனால்தான்.

அது ஏமாற்றவில்லை. கிரீஸ் தடவாமல் ட்ரனியனைக் கையால் திருகிப் பார்த்தபோது, எங்கும் சிக்காமல், ஆட்டமும் இல்லாமல் கடைசிவரை சென்றது. வலப்பக்க மரையும் இடப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதால், பாகங்கள் பக்கவாரியாகத் தனித்தனிப் பைகளில் குறியிட்டு வந்திருந்தது பெரிய உதவி. ஒரு ட்ரனியனில் மட்டும் கிரீஸ் கன்னை எவ்வளவு அழுத்தியும் மரை வழியே கிரீஸ் வெளிவரவில்லை. கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளைக் கழற்றிப் பார்த்தால், துளை போட்டபோது எஞ்சிய உலோகச் சுருள் ஒன்று உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது. மெல்லிய கம்பியால் அதை எடுத்த பிறகு, மரையின் விளிம்பெங்கும் கிரீஸ் சீராகப் பிதுங்கியது. பொருத்துவதற்கு முன் நான்கையும் இப்படிச் சோதித்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இந்த அடைப்பு தெரியவே தெரியாது.

ரப்பரைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. டை ராடு முனையின் ரப்பர் தொப்பிகள், உலோக வளையத்தைத் தொடும் இடத்தில் சில மாதங்களிலேயே வெடித்து, உள்ளிருந்த கிரீஸ் வழியத் தொடங்கியது. விற்பனையாளர் மறுப்பின்றி மாற்றுத் தொப்பிகள் அனுப்பினார், ஆனால் அவையும் அதே ரகம். ஸ்டியரிங் பாகத்தில் இது சிறு குறை அல்ல, ஏனெனில் தொப்பி கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே புகுந்து, நல்ல பந்து மூட்டையும் விரைவில் தேய்த்துவிடும். ரேக் உறைகள் மட்டும் இதுவரை நன்றாக உள்ளன.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது உடன் வந்த ஒற்றைத்தாள் செய்முறைக் குறிப்பைப் பார்த்துத்தான். டார்ஷன் பார் எப்போதும் முறுக்கிய நிலையில் விசையைத் தேக்கி வைத்திருக்கிறது. கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுக்காமல் மேல் ட்ரனியனைக் கழற்றினால், கீழ்க்கை பயங்கர வேகத்தில் கீழே பாயும். உயிருக்கே ஆபத்தான இந்த விஷயத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, கார் தன் சக்கரங்களில் நின்று எடை முழுவதும் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும் என்பதும் அதில் இல்லை. சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கார் இறங்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். கழற்றிய டார்ஷன் பார்களை இடம் மாற்றிப் பொருத்தக் கூடாது, ஏனெனில் ஒவ்வொன்றும் தன் பக்கத்து முறுக்குக்கே பழகியிருக்கும். ஆகவே கழற்றும்போதே இடம், வலம் என்று குறியிட்டு வையுங்கள்.

வேலை முடிந்து, முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் டோ இன் அளவை 3/32 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 2.4 மி.மீ.க்குச் சரிசெய்த பின், ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த ஆட்டம் முற்றிலும் மறைந்தது. கரடுமுரடான சாலையில் முன்பக்கத்திலிருந்து வந்த கடகடப்பும் நின்றது. டை ராடு முனைகளும் புஷ்களும் நீங்கலாக, கிங்பின்னையும் ட்ரனியனையும் தனியாகவும் அதே விற்பனையாளர் தருகிறார். வாங்குபவர்கள் அப்படிக் கேட்டு வாங்கி, பொருத்திய பின் ஆயிரம் மைலுக்கு ஒரு முறையாவது எல்லா நிப்பிள்களிலும் கிரீஸ் ஏற்றுங்கள்.