வெப்அசெம்ப்ளியில் சாக்கெட்: கையில் கொடுப்பதா, அனுமதி கொடுப்பதா?

பல மொழி நிரல்களையும் தனி வேலிக்குள் ஓட்ட உதவும் பொது வடிவம் வெப்அசெம்ப்ளி. அதில் உள்ள நிரலுக்குத் தானாக நெட்வொர்க் கிடையாது. அதை ஓட்டும் மென்பொருளான ரன்டைம் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்க இரண்டு வழிகள்.

முதல் வழி, வாசியின் (WASI, நிரல் வெளியுலகை அணுகும் அழைப்புகளுக்கான தரநிலை) முதல் முன்னோட்டப் பதிப்பு. போர்ட்டை வெளியே ரன்டைமே திறந்து, தயாரான சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பின் முனையை) நிரலிடம் ஒப்படைக்கும். நிரல் அதில் வரும் இணைப்பை ஏற்கலாம், படிக்கலாம், எழுதலாம், மூடலாம். புதிதாக ஒரு சாக்கெட்டைத் திறக்கவோ வெளியே இணையவோ அதற்கு அழைப்பே இல்லை. ரஸ்ட் மொழியில் எழுதி இந்த இலக்குக்கு கம்பைல் செய்து பாருங்கள்: வெளியே இணையும் டிசிபி கனெக்ட் வரி சத்தமில்லாமல் கம்பைல் ஆகும், ஓடும்போதுதான் 'ஆதரவில்லை' என்று கைவிரிக்கும். வெறுப்பேற்றும் விஷயம்தான். ஆனால் நம்பகமில்லாத பிளக்இன் வெளியே தரவைக் கசியவிடக் கூடாது என்றால், இந்தக் குறையே காவல்.

இரண்டாவது, 2024 ஜனவரியில் வந்த வாசி 0.2. டிசிபி, யுடிபி, டிஎன்எஸ் தேடல் (பெயருக்கு உரிய ஐபி எண்ணைக் கண்டுபிடிப்பது) எல்லாம் உண்டு. டேட்டாபேஸ் கிளையன்ட் போன்றவற்றுக்கு இதுதான் வழி. கவனம் தேவைப்படுவது அனுமதியில். வாஸ்ம்டைம் என்ற ரன்டைமின் கட்டளையில், அது ஓடும் கணினியான ஹோஸ்ட்டின் நெட்வொர்க்கை அப்படியே கொடுக்கும் விருப்பத்தைப் போட்டால் எல்லா முகவரியும் எல்லா போர்ட்டும் திறந்துவிடும். சோதனைக்குச் சரி, சர்வரில் வேண்டாம். வாஸ்ம்டைமை உங்கள் நிரலுக்குள் பொதித்தால், ஒவ்வொரு முகவரியையும் சரிபார்க்கும் ஃபங்ஷனை நீங்களே எழுதலாம். டிஎன்எஸ் தேடலுக்குத் தனி அனுமதி. அதை மறந்துவிட்டு, ஐபி எண்ணுக்கு இணைகிறது, பெயருக்கு மட்டும் ஏன் இல்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.